ராயபுரம் வழக்கும் ரஷ்ய வாத்தியாரும்



ரஷ்யாவின் தொடர் கொலைகாரன் சிக்கட்டிலோவைப் பற்றி எழுதுங்கள் சார் என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். அதற்கு முன்னால் நம் ராயபுரத்து வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நான் சொல்ல வருவது விளங்கும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

1952 ஆகஸ்ட் 28. பாரிமுனை ஜெம் அண்ட் கோ பேனாக் கடையில் இடம் பிடித்து வியாபாரம் செய்துவந்த ஆளவந்தார் அன்று வீடு திரும்பவில்லை. முன்பு ராணுவத்தில் இருந்தவர். மனைவி கடைக்குப் போய் விசாரித்தார். பேச்சு ராயபுரம் செமட்ரி ரோட்டில் இருந்த பிரபாகர மேனன், தேவகி தம்பதி வீட்டைக் காட்டியது. போலீஸ் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது.

இதற்கிடையே எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி போகும் போட் மெயிலில், கேட்பாரற்ற ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து துர்நாற்றம் வந்தது. மானாமதுரையில் இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். சில நாட்களில் ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. இன்று அங்கே கல் கொட்டிய கரையைத்தான் பார்க்கிறீர்கள். அப்போது நல்ல மணல்வெளி.

அந்தத் தலையும் அந்த உடலும் ஒரே ஆளுடையவையா? அந்த ஆள் ஆளவந்தார்தானா? இன்றைக்கு இருக்கும் டி.என்.ஏ. பரிசோதனை அப்போது கிடையாது. சென்னை மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவர் சி.பி. கோபாலகிருஷ்ணன் உடலையும் தலையையும் சேர்த்து ஆராய்ந்தார். பல்வரிசை, காது என ஒவ்வொரு அடையாளமாகப் பார்த்தார். விரல் ரேகையை ராணுவப் பதிவேட்டில் இருந்த ஆளவந்தாரின் ரேகையோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. என்றோ ராணுவத்தில் ஒரு குமாஸ்தா ஒழுங்காக எடுத்து வைத்த ரேகை!

மேனனும் தேவகியும் பம்பாயில் பிடிபட்டார்கள். தேவகிக்குத் திருமணத்துக்கு முன் ஆளவந்தாரோடு இருந்த பழக்கமும், பிறகும் அவர் கொடுத்த தொந்தரவும் விசாரணையில் வெளிவந்தன. ஊரே நீதிமன்ற வாசலில் கூடியது. ஜூரிகளுடன் நடந்த வழக்கு அது. நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர், அரசுத் தரப்பில் கோவிந்த் சுவாமிநாதன். 1953 ஆகஸ்டில் மேனனுக்கு 7 ஆண்டு, தேவகிக்கு 3 ஆண்டு சிறை. தண்டனை குறைவா, சரியா என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் திண்ணையில் வாதாடுவார்கள். ஆனால் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

இப்போது ரஷ்யாவுக்கு வருவோம்.

ஆந்திரே சிக்கட்டிலோ நம்மைப் போல ஒரு வாத்தியார். ரஸ்தோவ் பகுதியில் வேலை. 1970களிலேயே மாணவிகளிடம் தவறாக நடக்கிறான் என்று புகார் வந்தது. நிர்வாகம் போலீஸுக்குச் சொல்லவில்லை. நீயாகவே ராஜினாமா செய்துவிடு என்றது. செய்துவிட்டு அடுத்த பள்ளியில் போய்ச் சேர்ந்தான்.

1978 டிசம்பரில் ஷாக்தி நகரில் 9 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். அவனுடைய முதல் கொலை. அவன் மீது சந்தேகம் வந்தும், முன்பே தண்டனை அனுபவித்திருந்த அலெக்சாந்தர் கிராவ்சென்கோ என்பவரைப் பிடித்து, அடித்து, ஒப்புக்கொள்ள வைத்தார்கள். 1983இல் அந்த அப்பாவியைச் சுட்டுக் கொன்றது அரசு.

1984 செப்டம்பரில் ரஸ்தோவ் பேருந்து நிலையத்தில் சிக்கட்டிலோ கையில் கிடைத்தான். பையில் கத்தியும் கயிறும் இருந்தன. ரத்த வகை தடயத்தோடு பொருந்தவில்லை என்று கொலை வழக்கிலிருந்து விட்டுவிட்டார்கள். அதன்பின் அவன் கையால் இறந்தவர்கள் மட்டும் இருபது பேருக்கு மேல். பத்திரிகைகளும் வாய் திறக்கவில்லை. இப்படிப்பட்ட குற்றம் சோவியத் நாட்டில் நடக்காது என்பது அரசின் பேச்சு. அதனால் பெற்றோருக்கு எச்சரிக்கைகூடப் போகவில்லை.

கடைசியில் அவனைக் காட்டிக்கொடுத்தது என்ன தெரியுமா? 1990 நவம்பர் 6 அன்று, காட்டோரத்தில் ஒரு சிறிய ரயில் நிலையம். கன்னத்தில் ரத்தக் கறையோடு காட்டிலிருந்து வந்த ஒருவனைக் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் நிறுத்தி, அடையாள அட்டையைப் பார்த்து, பெயரைக் குறித்துக்கொண்டு அனுப்பினார். ஒரு வாரம் கழித்து அருகில் பிணம் கிடைத்தது. குறிப்பைப் புரட்டினார்கள். நவம்பர் 20 அன்று கைது. 1992இல் 52 கொலைகளுக்கு மரண தண்டனை. 1994 பிப்ரவரி 14 அன்று நிறைவேற்றப்பட்டது.

ஒரு கொலையும் ஐம்பது கொலையும் ஒன்றா சார் என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. தெரிந்தவர்களுக்குள் நடந்ததைத் துப்பறிவது சுலபம், முன்பின் தெரியாதவர்களைக் கொல்பவனைப் பிடிப்பது கடினம். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு இடத்திலும் உதவியது ஒன்றுதான்: யாரோ ஒருவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தது. ரஷ்யாவில் அத்தனை பிள்ளைகளைக் காவு வாங்கியதில் முதல் பங்கு, எழுதாமல் மூடி மறைத்ததற்கு. அந்தப் பள்ளியின் முதல்வர் அன்று ஒரு புகார்க் கடிதம் போட்டிருந்தால், கதையே வேறாகப் போயிருக்கலாம்.

"பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுடும் சார்." என் பணிக்காலத்தில் இந்த வார்த்தையை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! பள்ளியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஒருமுறை ஒரு மாணவியின் தாயார் அழுதுகொண்டு வந்தபோது, வாய்மொழியாகப் பேசி முடித்துவிடலாம் என்றே எல்லோரும் சொன்னார்கள். நான் அந்த அம்மாவின் கையாலேயே எழுதி வாங்கினேன். அதனால் பல மாதம் ஆசிரியர் அறையில் என்னோடு பேசாதவர்கள் உண்டு. இன்றும் அதற்காக எனக்கு வருத்தமில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பள்ளி நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் தெளிவாகச் சொல்கிறது: குழந்தைக்கு நேர்ந்த கொடுமை தெரிந்தால் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை. குழந்தைகள் உதவி எண் 1098. வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள்.

ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி எதையாவது சொன்னால், முதலில் நம்புங்கள். தேதி போட்டு எழுதுங்கள். ராஜினாமா வாங்கிக்கொண்டு அடுத்த பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள். அங்கேயும் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்