இரணைமடுவின் வரவு செலவு

பொருளைச் செலவிடுபவன் அதன் பயன் யாதென வினவுதல் இயல்பு. வணிகன் ஆண்டிறுதியிற் பேரேட்டைப் புரட்டித் தன் ஆதாயத்தைக் கண்டுகொள்கின்றான். ஆனால் ஒரு காட்டைக் காப்பதற்கும் ஒரு குளத்தைப் பேணுவதற்கும் செலவிட்ட பணம் எவ்வளவு ஊதியம் தந்தது என்பதை எந்தப் பேரேட்டில் எழுதுவது? இயற்கைப் பாதுகாப்புக்குத் திட்டம் வகுப்போர் இன்று உலகெங்கும் எழுப்பும் வினா இது. வன்னிப் பெருநிலத்தின் வரலாறு இவ்வினாவை நெடுங்காலத்துக்கு முன்னரே எழுப்பிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வன்னிக் குளங்கள் பல உடைந்து கிடந்தன. காய்ச்சலும் பஞ்சமும் குடிகளைக் குறைத்தன. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856-ஆம் ஆண்டில், நீர்ப்பாசனச் சட்டம் பிறந்தது. 1872-இற் பதவியேற்ற சேர் வில்லியம் கிறெகரி குளங்களைத் திருத்துவதில் ஊக்கம் காட்டினார். எனினும் அரசாங்கத்தாரின் அளவுகோல் ஒன்றே: திருத்திய குளம் எவ்வளவு வரி ஈட்டித் தரும் என்பதே அது. 1892-இல் நெல்வரி ஒழிக்கப்பட்டபோது அவ்வரவும் நின்றது. இவ்வளவுகோலாற் பார்த்தால் வன்னிக்கு என்றும் நட்டமே. குடிகள் குறைவாதலால் வரி குறைவு. வரி குறைவாதலாற் செலவிட மனமில்லை. செலவிடாமையாற் குளம் திருந்தவில்லை. குளம் திருந்தாமையாற் குடிகளும் பெருகவில்லை. ஜே. பி. லூயிஸ் என்னும் அதிகாரி 1895-இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய நூல் அக்கால வன்னியின் நிலையை விரிவாகப் பதிந்துவைத்தது.

இந்நிலையிலேதான் இரணைமடு எழுந்தது. வவுனியாப் பக்கத்தில் தோன்றி வடக்கு நோக்கி ஓடிச் சுண்டிக்குளக் கடனீரேரியிற் கலப்பது கனகராயன் ஆறு. அதனை மறித்துப் பெருங்குளம் ஒன்று அமைக்கப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1885-இல் திட்டம் வரைந்தார். 1902-இற் தொடங்கிய வேலை முடிய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. 1930-களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மக்கள் வந்து குடியேறினர். பின்னர் 1977 வரையில் குளக்கட்டுப் பல முறை உயர்த்தப்பட்டு, கொள்ளளவு ஓர் இலட்சம் ஏக்கர் அடியைக் கடந்தது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடியாகும்.

வேலை முடிந்த கையோடு கணக்குப் பார்த்தவனுக்குச் செலவு மட்டுமே தோன்றியிருக்கும். அரை நூற்றாண்டு கழித்துப் பார்த்தவன் காலபோகமும் சிறுபோகமும் விளையும் வயல்களையும், வளர்ந்ததொரு நகரத்தையும் கண்டிருப்பான். 1984-இற் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. ஆகவே, எப்பொழுது அளக்கின்றோம் என்பது முதற் பாடம்.

எங்கே அளக்கின்றோம் என்பது இரண்டாவது பாடம். 1882-இல் வின்சென்ற் என்பார் இலங்கைக் காடுகளின் நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1885-இற் காட்டுச் சட்டம் வந்தது. அக்காலத்தில் வன்னிக் காட்டின் மதிப்பு முதிரை, கருங்காலி, பாலை ஆகிய மரங்களின் விலையாகவே எண்ணப்பட்டது. ஆனால் மேலே நிற்கும் காடுதான் மண்ணைப் பிடித்து மழைநீரை மெல்ல இறக்குகின்றது. வரண்ட வலயத்துக் குளங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடர்ந்து நிற்பவை என்பதைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985-இல் எடுத்துக்காட்டினார். மேற்குளத்தின் காடு அழிந்தாற் கீழ்க்குளத்திலே தூர் சேரும். மரம் விற்ற பணம் ஓர் ஏட்டிலே வரவு. தூர் அகற்றும் செலவு வேறோர் ஏட்டிலே பற்று. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றி உண்மை தெரியாது.

அவ்வாறு ஒருங்கே வைத்துப் பார்த்த நகரம் நியூயோர்க். குடிநீரை வடிகட்டும் ஆலை அமைப்பதற்குப் பல நூறு கோடி டொலர் வேண்டியிருந்தது. அதனிலும் மிகக் குறைந்த செலவில், நீர் பிறக்கும் மலைக்காடுகளையும் பண்ணைகளையும் பேணுவதற்கு 1997-இல் அந்நகரம் உடன்படிக்கை செய்துகொண்டது. இன்றைய அறிஞர் இதனோடு மற்றுமொரு வினாவையும் சேர்த்துக் கேட்கின்றனர்: காவாமல் விட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? எவரும் வெட்டப் போகாத காட்டுக்குக் காவல் இடுவதால் ஊதியம் சிறிது. கோடரி நெருங்கிய காட்டைக் காத்தலே பேரூதியம்.

யார் செலவு, யார் வரவு என்பது மூன்றாவது பாடம். போர்க்காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர்தம் வயல்களையும் மேட்டுக்காணிகளையும் காடு மூடியது. 2009-இற்குப் பின்னர் அவர்கள் மீண்டுவந்தபோது அவற்றுட் சில பாதுகாக்கப்பட்ட காட்டெல்லைக்குள் அடங்கியிருந்தமையாற் பிணக்குகள் எழுந்தன. ஆற்றின் முடிவிலுள்ள சுண்டிக்குளம் 1938-இற் சரணாலயமாகி, 2015-இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கு வந்திறங்கும் பறவைகளின் மதிப்பை ரூபாயால் அளத்தல் அரிது. ஆனால் காணி இழந்த கமக்காரனின் இழப்பை அளப்பது அரிதன்று. அளக்கக்கூடிய அவ்விழப்பைக் கணக்கிற் சேர்க்காது விடுவது நீதியாகாது.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டத்திலும் இதே வினா எழுந்தது. குடாநாட்டின் தாகமும் மெய். கிளிநொச்சிக் கமக்காரரின் அச்சமும் மெய். சிறுபோகத்துக்கே நீர் போதாத ஆண்டுகளை அறிந்தவர்கள் அவர்கள். அவர்களது எதிர்ப்பின் பின்னர் கடல்நீரை நன்னீராக்கும் வழி நாடப்பட்டு, தாளையடியில் அதற்கான நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது. குளத்து நீருக்கு ஏட்டில் எழுதாத விலை ஒன்று உண்டென்பதை அக்கமக்காரரே உணர்த்தினர்.

மாரியிற் குளம் நிரம்பி வான் பாயும்போது, கட்டின்மேல் நின்று அளவுகோலைப் பார்ப்பவன் நீரின் உயரத்தை மட்டுமே காண்கின்றான். அந்நீரை அனுப்பிய காடு அவனுக்குத் தென்புறத்தே இருக்கின்றது. அதனை எதிர்நோக்கும் வயல் வடபுறத்தே இருக்கின்றது. அவ்விரண்டையும் சேர்த்து எழுதிய கணக்கே இரணைமடுவின் முழுக் கணக்காகும்.