தெருச் சாவடியின் உள்ளே

வீதியோரத்தில் மக்கள் பாவனைக்கென நிறுவப்படும் பொறிகள் யாவும் வெளித்தோற்றத்தில் எளிமையானவையே. ஆயின், அவற்றை உள்ளிருந்து இயக்கும் ஏற்பாடு எத்தகையது என்பதை அறிந்தோர் மிகச் சிலராவர். அதனை அறிய மக்கள் முயன்ற வரலாறு நாணயத் தொலைபேசியின் காலந்தொட்டே தொடர்ந்து வருகின்றது.

1889ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் ஹாட்போட் நகரிலுள்ள வங்கியொன்றில், வில்லியம் கிறே என்பார் ஆக்கிய நாணயத் தொலைபேசி நிறுவப்பட்டது. இவ்வகைப் பொறிகளில், இட்ட நாணயம் உள்ளே வீழ்கையில் மணியொன்றைத் தட்டும். தொலைபேசி நிலையத்தில் இருப்பவர் அவ்வோசையைக் கம்பி வழியே கேட்டு, கட்டணம் செலுத்தப்பட்டதை உணர்வார். 1960களில் மணியோசைக்குப் பதிலாக மின்னொலிகள் புகுத்தப்பட்டன. 5 சதத்துக்கு ஓர் ஒலி. 10 சதத்துக்கு இரண்டு. 25 சதத்துக்கு ஐந்து. செவிக்கூர்மையுடைய இளைஞர் சிலர் இவ்விரகசியத்தைக் கண்டறிந்து, அவ்வொலிகளைப் போலியாக எழுப்பும் சிறு கருவிகளைச் செய்து, காசின்றியே பேசலாயினர். மறைவையே காவலாக நம்பிய பொறி, அம்மறைவு நீங்கியதும் காவலிழந்து நின்றது.

அன்று பொறியின் உள்ளத்தை ஆராய்ந்தோர் அதனை ஏமாற்ற முனைந்தனர். பிற்காலத்திலோ, மக்களின் காவலுக்காகவே அவ்வாராய்ச்சி வேண்டப்பட்டது.

2016ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரின் பழைய தொலைபேசிகள் நின்ற இடங்களில் 'லிங்க் என்வைசி' என்னும் உயர்ந்த கம்பச் சாவடிகள் எழலாயின. கம்பியில்லா இணையம், உள்நாட்டுத் தொலைபேசி அழைப்பு, கைபேசிக்கு மின்னேற்றம் ஆகிய யாவும் இலவசம். இருபுறத்துத் திரைகளிலும் தோன்றும் விளம்பரங்களே வருவாய்க்கு வழியாயின. சாவடியிலேயே இணையத்தைப் பார்க்கும் வசதியும் இருந்தது. சிலர் நெடுநேரம் அதனைப் பிடித்துக்கொண்டும் ஆபாசக் காட்சிகளைப் பார்த்தும் வந்தமையால், அவ்வசதி அவ்வாண்டு செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது.

நாணயம் கேளாத பொறி வேறெதனைப் பெறுகின்றது என்னும் வினா விரைவில் எழுந்தது. நியூயோர்க் குடியியல் உரிமைச் சங்கம், பயன்படுத்துவோரின் விவரங்கள் நெடுங்காலம் சேமிக்கப்படக்கூடும் எனக் கண்டித்தது. 2017இல் தனியுரிமை விதிகள் திருத்தப்பட்டன. 2018 செப்டெம்பரில் 'இன்டர்செப்ட்' என்னும் செய்தித்தளம் மற்றொரு செய்தியை வெளியிட்டது. பாவனையாளர் நிற்கும் இடத்தையும், அவர் வைத்திருக்கும் கருவியின் வகையையும் திரட்டவல்ல மென்பொருள் வரிகள், பொதுவில் காணத்தக்க நிலையில் இருந்தமையை ஒருவர் கண்டுபிடித்திருந்தார். அவை ஒருபோதும் பாவனைக்கு விடப்படவில்லை என நிறுவனம் மறுமொழி கூறிற்று. அம்மறுமொழி மெய்யாயினும், வீதியில் நின்றவர் அதனைத் தாமே சோதித்தறிய வழியில்லை என்பதே இங்கு கருதத்தக்கது.

2022 மே 23ஆம் நாள், அந்நகரசபைக்குரிய கடைசி நாணயத் தொலைபேசி டைம்ஸ் சதுக்கத்தின் அருகிலிருந்து அகற்றப்பட்டு, நகர நூதனசாலையைச் சேர்ந்தது. அத்தொலைபேசி, கட்டணம் இன்னதென்பதைத் தன் முகத்திலேயே எழுதிக் காட்டியது. இலவசச் சாவடி பெறுவது யாது என்பது மென்பொருளுள் எழுதப்பட்டிருக்கின்றது. பொது வீதியில் இடம்பெற்ற பொறியிடம் அக்கணக்கைக் கேட்பது குடிமக்களின் உரிமை. அதனைக் கேட்டுப் பெற்றுத் தருவது நகரசபையின் கடமை.