குறைமாவுச்சத்து உணவுமுறை ஆய்வுகளில் பக்கச்சார்பு

குறைமாவுச்சத்து உணவுமுறை ஆய்வுகளில் பக்கச்சார்பு என்பது அரிசி, கோதுமை, சர்க்கரை போன்ற மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) உணவுகளைக் குறைப்பதன் நன்மை தீமைகளை ஆராயும்போது, நிதி, ஆய்வு வடிவமைப்பு, முன்முடிவு ஆகியவற்றால் முடிவு ஒரு பக்கம் சாய்வதைக் குறிக்கும். இம்முறையை ஆதரிக்கும் ஆய்வுகள், எதிர்க்கும் ஆய்வுகள் ஆகிய இரண்டிலும் இது நேரக்கூடும்.

நிதியளிப்பு

1967-இல் ஆர்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய மீளாய்வுக் கட்டுரை ஒன்று, இதயநோய்க்குக் கொழுப்பையே முதன்மைக் காரணமாகக் காட்டியது. அதற்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் அமைப்பு பணம் கொடுத்திருந்தது 2016-இல் வெளியான ஆவண ஆய்வால் தெரியவந்தது. எனினும் நிதியளிப்பவர் விரும்பும் முடிவே எப்போதும் கிடைப்பதில்லை. மாவுச்சத்தே உடற்பருமனுக்குக் காரணம் என்னும் கருதுகோளைச் சோதிக்க நியூட்ரிசன் சயன்சு இனிசியேட்டிவ் அமைப்பு நிதியளித்த 2016-ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு அக்கருதுகோளுக்கு ஆதரவாக அமையவில்லை. அதில் பங்கேற்றோர் 17 ஆண்கள் மட்டுமே.

ஒப்பீட்டு முறை

ஒரு குழு சர்க்கரையையும் மைதாவையும் விலக்க, மற்றக் குழு வழக்கம்போல் உண்டால், பயன் எதனால் விளைந்தது என அறிய இயலாது. 2018-இல் வெளியான டயட்பிட்சு ஆய்வில் 609 பேர் பங்கேற்றனர். இரு குழுவினரும் சர்க்கரையையும் தீட்டிய மாவையும் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். ஓராண்டில் குறைகொழுப்புக் குழுவினர் சராசரியாக 5.3 கிலோவும், குறைமாவுச்சத்துக் குழுவினர் 6.0 கிலோவும் எடை குறைந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் பொருட்படுத்தத்தக்கதன்று.

குழப்பக் காரணிகள்

சென்னை உள்ளிட்ட இந்திய மையங்களும் பங்கேற்ற பியூர் ஆய்வு (2017), 18 நாடுகளைச் சேர்ந்த 1,35,335 பேரின் தரவுகளைக் கொண்டது. மிகுந்த மாவுச்சத்து உண்போரிடையே இறப்பு வீதம் கூடுதலாக இருப்பதாக அது கூறியது. மாவுச்சத்து மிகுதி வறுமையின் அடையாளமாக இருக்கலாம் என்பது இதன்மீது வைக்கப்பட்ட முதன்மையான விமர்சனமாகும்.

எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டில் 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. முட்டைக்கும் மீனுக்கும் பணம் தேவை. சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலாளர் ஒருவரையும், விருதுநகரின் வசதியான வணிகர் ஒருவரையும் ஒப்பிட்டால், சோற்றின் அளவு மட்டுமன்றி வருமானம், மருத்துவ வசதி, பணியிட வேதிப்பொடிகள் ஆகியனவும் வேறுபடும். இவற்றைக் கணக்கில் கொள்ளாவிடில் பழி முழுவதும் சோற்றின்மேல் விழும்.

இந்திய ஆய்வுகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராசு நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய இந்தியாப் ஆய்வின் 2022-ஆம் ஆண்டுக் கட்டுரை, 18,090 பேரின் தரவுகளைப் பயன்படுத்தியது. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டோர் நோய்த்தணிவு பெற, மொத்த ஆற்றலில் மாவுச்சத்து 49 முதல் 54 விழுக்காடு வரை இருக்கலாம் என அது பரிந்துரைத்தது. இவ்வளவு கணித மாதிரியால் பெறப்பட்டது. உணவை மாற்றிக் கொடுத்துச் சோதித்துப் பெறப்பட்டதன்று. மேலும் இது மாவுச்சத்தை முற்றிலும் விலக்கும் உணவுமுறையும் அன்று.

நோயாளிகளுக்கு இதன் முக்கியத்துவம்

இன்சுலின் அல்லது சல்போனைல்யூரியா வகை மாத்திரை எடுப்போர், மருந்தளவை மாற்றாமல் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். எனவே ஓர் ஆய்வின் முடிவைப் பின்பற்றும் முன், நிதியளித்தவர் யார், எது எதனுடன் ஒப்பிடப்பட்டது, எவ்வளவு காலம் நடந்தது, பங்கேற்றோர் யாவர் என்பவற்றை அறிவதும், மருத்துவரின் கண்காணிப்பில் உணவை மாற்றுவதும் இன்றியமையாதவை.