கடன் அவள் பேரில், வீடு இவர் பேரில்

ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மச்சான் ஒருவர் போனில் கேட்டார்: "மாப்ள, வீட்டுக் கடனுக்கு என் பேர்ல மட்டும் எழுதிக் குடுத்தா, உங்க தங்கச்சி பேர்ல இருக்குற நகைக்கடனையும் பேங்க்ல சேத்து எண்ணுவாங்களா?"

வங்கியில் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதற்கு வயசு ரொம்ப அதிகம். ஏறக்குறைய 1,500 வருஷத்துக்கு முந்தைய யாக்ஞவல்கிய ஸ்மிருதியிலேயே இது வருகிறது. புருஷன் வாங்கிய கடனை மனைவி அடைக்க வேண்டியதில்லை, மனைவி வாங்கியதைப் புருஷனும் அடைக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்காக வாங்கியது மட்டும் விலக்கு என்கிறது அது. இன்னொரு விலக்கும் உண்டு. இடையர், மது விற்பவர், கூத்தாடி, வண்ணார், வேடர் வீடுகளில் மனைவி வாங்கிய கடனைப் புருஷன் கட்டியே ஆக வேண்டும். காரணம், அந்த வீடுகளின் பிழைப்பே பெண்களின் உழைப்பில் நிற்கிறது. அதாவது, கடன் யார் பேரில் என்பதைவிட எதற்காக வாங்கியது என்பதே அங்கே அளவுகோல்.

பிறகு வந்த சட்டங்கள் பேரைப் பார்த்துப் பிரித்துக்கொண்டே போயின. 1874-ல் வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டம், மனைவியின் சம்பாத்தியத்தை அவளுக்கே ஆக்கியது. ஆனால் இந்துக்களையும் முஸ்லிம்களையும் விட்டுவிட்டது. அதில் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு மட்டும் பின்னால் நம் பக்கமும் வந்தது: மனைவி மக்களுக்கென்று எழுதிய பாலிசியில் புருஷனின் கடன்காரர் கை வைக்க முடியாது. மற்ற மாகாணங்களுக்கு 1923-லிருந்துதான் இது. சென்னை மாகாணத்து இந்துக்களுக்கோ 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கே பொருந்தியது. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணைத் தன் சொத்துக்கு முழு உரிமையாளர் ஆக்கியது. 2005 திருத்தத்துக்குப் பின் வாங்கிய அப்பன் கடனை, பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக மகனிடம் கேட்க முடியாது.

இன்றைய வீட்டுக் கடன் மனுவும் இந்த வழிதான். ஒருத்தர் பேரில் போட்டால் அவர் வருமானம், அவர் தவணைகள், அவர் கடன் அறிக்கை. மனைவியின் கடனுக்கு அவர் ஜாமீன் போட்டிருந்தாலோ, கூட்டாக வாங்கியிருந்தாலோ அவர் அறிக்கையில் வந்துவிடும். மனைவியின் தவணை அவர் கணக்கிலிருந்து போனால் பாஸ்புக்கே காட்டிக் கொடுத்துவிடும். வருமானம் இல்லாத மனைவியை, அவரை நம்பியிருப்பவர் என்று குடும்பச் செலவில் எண்ணுவார்கள். வீட்டைக் கூட்டாக எழுதினால் பெரும்பாலும் மனைவியும் மனுதாரராகச் சேர வேண்டும். அப்போது அவர் கடனும் வரும், வருமானமும் வரும்.

சின்னக் கடனுக்கு மட்டும் கதை வேறு. 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்தில் புருஷன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் எல்லாரும் ஒரே கணக்கு. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. யாக்ஞவல்கியரின் இடையர் வீட்டு நியாயம் இங்கே திரும்பி வந்திருக்கிறது.

திராட்சைப் பந்தலும் அந்த இடையர் வீடு மாதிரிதான். கவாத்துக்கும் மருந்துக்கும் பணம் இல்லாதபோது பெண்ணின் நகைதான் அடகுக்குப் போகிறது. காகிதத்தில் அது அவள் கடன். நிஜத்தில் தோட்டத்துக் கடன். வங்கி அதை எண்ணாமல் விட்டால் மனு சுலபமாகத் தேறும், ஆனால் இரண்டு தவணையும் ஒரே வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

அதனால் மச்சானிடம் இரண்டு விஷயம் சொன்னேன். வங்கி கேட்கிறதோ இல்லையோ, ரெண்டு பேர் கடனையும் கூட்டி, வருமானத்தில் பாதிக்குள் நிற்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். அடுத்தது, தோட்டத்துக்காக அவள் கடன் சுமக்கிறாள் என்றால் பத்திரத்தில் அவள் பேரும் இருக்கட்டும். கடன் தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.