போர்ட்டர்: ஒரு சுமைப்பெயர்

போர்ட்டர் என்றதும் நமக்கு எழும்பூர் நிலையம்தான் நினைவுக்கு வரும். சிவப்புச் சட்டை, புஜத்தில் பித்தளை வில்லை, தலையில் சும்மாடு. லண்டன் பப்பில் போர்ட்டர் கேட்டால் ஒரு கிளாஸ் கறுப்பு பீர் வரும். இரண்டும் ஒரே சொல்தான். லத்தீனில் 'போர்த்தாரே' என்றால் சுமத்தல்.

18ஆம் நூற்றாண்டு லண்டன் சுமைகூலிகளிலும் வில்லைக்காரர்கள் உண்டு. மாநகர உரிமத்துக்கு அடையாளமான அந்த வில்லைக்கு 'டிக்கெட்' என்று பெயர். ஆளுக்கு 'டிக்கெட் போர்ட்டர்'. (பிக்காடில்லியில் 1861இல் சுமைகூலிகளுக்காகத் தோள் உயரத்தில் ஒரு பலகை நட்டார்கள். நம்மூர்ச் சுமைதாங்கியேதான், மரத்தில்.) நாள் முழுக்க மூட்டை தூக்கியவனுக்கு பீர் பாதிச் சாப்பாடு. பழுப்பு மால்ட்டில் காய்ச்சி, மாதக்கணக்கில் ஊறவைத்த அந்த மலிவுச் சரக்கு, குடித்தவன் பெயரையே எடுத்துக்கொண்டது.

ஹார்வுட் என்பவர் 1722இல் இதைக் கண்டுபிடித்ததாக ஒரு கதை உலவுகிறது. 1721லேயே இந்தப் பெயர் எழுத்தில் வந்துவிட்டது. கதையை அங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

ஊறவைக்கும் தொட்டிகள் வீட்டைவிடப் பெரிதாயின. 1814 அக்டோபர் 17 அன்று லண்டன் ஹார்ஸ் ஷூ பீர் ஆலையில் 22 அடி உயரத் தொட்டியொன்றின் இரும்பு வளையம் கழன்றது. சற்று நேரத்தில் தொட்டியே வெடித்தது. பின்சந்துக் குடிசைகளில் போர்ட்டர் வெள்ளமாய்ப் புகுந்து 8 பேர் செத்தார்கள். எல்லோரும் பெண்களும் குழந்தைகளும். சிலர் ஒரு சாவு வீட்டுக்கு வந்திருந்தவர்கள்.

வலுவான வகையை 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றார்கள். ஓட்டலில் தோசையை விட்டுவிட்டு "ரெண்டு மசாலா, ஒரு ரவா" என்கிறோமே, அதுபோல அங்கேயும் அடைமொழி நின்றது, பெயர் உதிர்ந்தது. டப்ளின் கின்னஸ் ஸ்டவுட்டால் உலகப் புகழ் பெற்றது. போர்ட்டரை 1974இல் நிறுத்தியே விட்டது.

மீட்டவர்கள் சிறு ஆலைக்காரர்கள். லண்டன் பெர்மண்ட்சியில் ரயில் பாலத்து வளைவுக்கடியில் 2009இல் தொடங்கிய கெர்னல், பழைய குறிப்பேடுகளைப் பார்த்துக் காய்ச்சும் பீரின் பெயர் 'எக்ஸ்போர்ட் இந்தியா போர்ட்டர்'. இந்தியாவுக்கு வந்தது என்றால் எல்லோரும் பேல் ஏல் என்ற வெளிர் பீரைத்தான் சொல்வார்கள். அது துரைமார் மேசைக்கு. பாரக்ஸில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு வந்து இறங்கியது போர்ட்டர். கெர்னல் பாட்டிலில் படம் கிடையாது. பழுப்புக் காகிதத்தில் பெயர் மட்டும், பார்சல் சிட்டை மாதிரி.