மூட்டைக்கு முந்திய காரை

கானாடுகாத்தானில் நூறு வயது கடந்த ஒரு நகரத்தார் வீட்டின் வளவுச் சுவரைத் தடவிப் பார்ப்பவர், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பளிங்கைத் தொடுவதாகவே எண்ணுவார். உண்மையில் அது சுண்ணாம்பும் கிளிஞ்சல் பொடியும் கடுக்காய்ச் சாறும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசிய பூச்சுத்தான். அந்தச் சுவரில் கையகலம் உதிர்ந்துபோனால், பழைய முறையில் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது ஒரு பிரயாசை; அவர் கேட்கும் சாமான்களைத் தேடிப் பிடிப்பது அதைவிடப் பெரிய பிரயாசை. மாடிமேல் மாடியாக எழும்பி நிற்கும் இன்றைய கட்டடச் சாமான் கடைகளில் வகை வகையான குழாய்களும் ஓடுகளும் வர்ண டப்பாக்களும் குவிந்து கிடக்கின்றனவே அன்றி, சுட்டு நீற்றாத கல் சுண்ணாம்பு ஒரு கூடை கிடைப்பது துர்லபமாகிவிட்டது.

இதற்காக வியாபாரிகளை நொந்துகொள்வது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், சுண்ணாம்புக் காரை கடைச்சரக்காக இருந்ததே இல்லை. சுக்கான் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் அடுக்கித் தொள்ளாயிரம் டிகிரி அளவுக்குச் சுட்டெடுத்தால் கிடைக்கும் கல் சுண்ணாம்பு, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தானே உப்பிப் பொடிந்துவிடும் சுபாவமுடையது; அதை அலமாரியில் அடுக்கி வைத்து வாடிக்கைக்காரனுக்காகக் காத்திருக்க இயலாது. ஆகையால் காளவாயிலிருந்து நேரே வேலைத்தலத்துக்கு வந்து சேர்வதே அதன் வழக்கமான மார்க்கம். சென்னைப் பட்டணத்துக்கு வேண்டிய கிளிஞ்சல் பழவேற்காடு, எண்ணூர்க் கழிகளில் வாரப்பட்டது. 1806-இல் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எண்ணூர் வரை வெட்டுவித்ததும், 1877-78 பஞ்ச காலத்து வேலைகளுக்குப் பின் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றதுமான நீர்வழியில், விறகோடும் உப்போடும் கிளிஞ்சலும் படகேறி வந்தது.

வேலைத்தலத்தில் நடந்ததோ ஒரு சிறு தொழிற்சாலையின் காரியம். குழி தோண்டிச் சுண்ணாம்பை நீற்றுவார்கள். தண்ணீர் பட்டதும் அது கொதித்துச் சீறி ஆவி விடும். அதைப் பல நாள் ஈரத்திலேயே புளிக்கவிட்டு, வட்டமாகக் கட்டிய தொட்டியில் மணலோடு கொட்டி, மாடு சுற்றிச் சுற்றி இழுக்கும் கல் உருளையால் வெண்ணெய்போல் குழையும்வரை அரைப்பார்கள். மறுபுறம் இடித்த கடுக்காயும் பனை வெல்லமும் பீப்பாய்த் தண்ணீரில் பல நாள் ஊறிக் கிடக்கும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து காரையை இழைய வைக்கிறது. வெல்லம் அது அவசரப்பட்டு இறுகாமல் தடுக்கிறது. கடைசிப் பூச்சுக்கு வெண்கருவோடு சில இடங்களில் தயிரும் நெய்யும்கூடச் சேர்ந்தன. பூசிய சுவரை வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, அது வியர்த்துவிடும் ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றியெடுக்கும் பணி நாட்கணக்கில் நீளும். சென்னைக்கு வந்த பழைய ஆங்கிலேயப் பயணிகள் இப்படிப் பூசிய தூண்களைச் சலவைக்கல் என்றே மயங்கி வியந்ததில் அதிசயமில்லை.

மொட்டைமாடித் தளத்துக்கு உழைப்பு இன்னும் அதிகம். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் வரிசையாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாக அமர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடுக்காய்த் தண்ணீரை அவ்வப்போது தெளிப்பார்கள். கட்டை துள்ளி எழும் பதம் வரும்வரை அடி நிற்காது. இத்தனையிலும் வீட்டுக்காரர் விலை கொடுத்து வாங்கியது கச்சாப் பொருள்களை மாத்திரமே. சாமானைச் சாமானாக்கியது கொத்தனாரும் அவருடைய ஆட்களும்தான்.

இந்த ஏற்பாட்டைக் கலைத்தது சிமெண்டு மூட்டை. 1824-இல் இங்கிலாந்தில் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் உரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்டை இந்தியாவில் செய்யும் முதல் முயற்சி 1904-இல் சென்னையிலேயே, அதுவும் கிளிஞ்சலைக் கொண்டே, நடந்து தோற்றுப்போயிற்று என்பது ஒரு வேடிக்கை. 1914-இல் போர்பந்தரில் அது வெற்றி கண்டது. தமிழ்நாட்டில் மதுக்கரையும் டால்மியாபுரமும் முப்பதுகளிலும், தாழையூத்து 1949-இலும் உற்பத்தியில் இறங்கின. ஆனாலும் சுண்ணாம்பு உடனே மறைந்துவிடவில்லை. சுதந்திரத்துக்குப் பின் நெடுங்காலம் சிமெண்டு சர்க்கார் கட்டுப்பாட்டில் இருந்தபடியால், பர்மிட்டுக்கு மனுப்போட்டுக் காத்திருக்கச் சகியாத பலர் பழைய காரையிலேயே வீட்டை முடித்துக்கொண்டார்கள். 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்து, 1989-இல் முற்றும் நீங்கியதும், மூலைக்கடையிலும் மூட்டை கிடைத்தது. காளவாய்கள் ஒவ்வொன்றாய் அணைந்தன.

மூட்டை என்பது சாதாரண விஷயமன்று. ஐம்பது கிலோவாக நிறுத்துக் கட்டி, மூன்று மாதம் கெடாமல் அடுக்கி வைக்கக்கூடிய பண்டம் வந்த பிறகே, கட்டடச் சாமானுக்குப் பெரிய கடை என்ற ஒன்று சாத்தியமாயிற்று. தயாரிப்பு ஆலைக்குப் போயிற்று, கொத்தனார் வாடிக்கைக்காரரானார். பலரும் கேட்பதையே அடுக்கும் கடையில், ஒருவர் மட்டும் கேட்பதற்கு இடமேது?

அத்தகைய கடையொன்றில் வயதான கொத்தனார் ஒருவர், “தம்பி, கல் சுண்ணாம்பு இருக்கா?” என்று கேட்டதைக் கண்டிருக்கிறேன். பையன் மரியாதையாகவே உள்ளே போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தான். வெள்ளையடிக்கிற நீற்றுப் பொடி. “இது ஆறிப்போன சரக்கு, எனக்குக் கொதிக்கிற சரக்கு வேணும்” என்றார் இவர். “அப்ப புட்டி எடுத்துக்குங்கண்ணே, எல்லாரும் அதான் வாங்குறாங்க” என்றான் அவன். இந்தியத் தர நிர்ணயத்தின் 712-ஆம் விதி கட்டடச் சுண்ணாம்பை ஆறு வகுப்பாகப் பிரித்து, பூச்சுக்கு இன்னது, கட்டுமானத்துக்கு இன்னது என்று வரையறுத்திருப்பது இருவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தாலும் அந்தக் கடையில் பயன்பட்டிராது.

கொத்தனாரின் சாமான்கள் உலகத்தைவிட்டு ஒழிந்துவிடவில்லை, திசைக்கொன்றாகச் சிதறிப்போயின. கடுக்காய்க்கு அவர் நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறார். சென்னையிலானால் பூங்காநகர் ராசப்பச் செட்டித் தெரு. வயிற்றுக்காக நூறு கிராம் நிறுக்கும் கடைக்காரர் மூட்டைக் கணக்கில் கேட்பவரை ஏற இறங்கப் பார்க்கிறார். வெல்லமும் முட்டையும் மளிகைக் கடையில். கல் சுண்ணாம்புக்கோ, எங்கேயோ எரிகிற காளவாய்க்கு ஆளனுப்ப வேண்டும். 2012-இல் தீப்பிடித்த சேப்பாக்கத்துக் கலச மகாலைப் போன்ற பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க முற்படுகிறவர்கள், ஆகவே, முதலில் கடையைத் தேடுவதை விட்டுவிட்டு முற்றத்தில் குழி தோண்டி, அரைக்கும் தொட்டியைக் கட்டி, மாட்டுக்குப் பதில் மோட்டாரைப் பூட்டுகிறார்கள். சுவரில் கரணை படுவதற்கு முன் ஊறலிலேயே வாரக்கணக்கில் போய்விடுகிறது. அதற்கும் சேர்த்துத்தான் காண்டிராக்டர் தவணை கேட்கிறார்.