ஆங்கில முன்னிடைச்சொற்கள்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் முன் நின்று, வாக்கியத்தின் பிற சொற்களோடு அதற்குள்ள இடம், காலம், கருவி முதலிய உறவுகளை உணர்த்தும் சொல் முன்னிடைச்சொல் எனப்படும். பழைய ஆங்கிலத்தில் இவ்வுறவுகள் பலவற்றைப் பெயரின் ஈற்றில் சேர்ந்து உணர்த்திய வேற்றுமை விகுதிகள் இடைக்காலத்தில் பெரும்பாலும் தேய்ந்து மறைந்தமையால், அவற்றின் பணி முன்னிடைச்சொற்களின் மேல் விழுந்தது. மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்' என்பது பொதுவழக்கு. ஆயினும் 'டிபெண்ட்' என்னும் வினை 'ஆன்' என்பதை வேண்டுவது போன்ற இணைப்புகள் மரபால் நிலைத்தவையாதலின், வினையையும் முன்னிடைச்சொல்லையும் ஒருசேரக் கற்பதே தக்கது. வாக்கியத்தை முன்னிடைச்சொல்லால் முடிக்கலாகாது என்னும் கருத்து, ஜான் டிரைடன் 1672இல் பென் ஜான்சனின் நடையைக் குறைகூறியதால் வலுப்பெற்றது; எனினும், 1762இல் இலக்கண நூல் வெளியிட்ட ராபர்ட் லோத், அவ்வமைப்பு பேச்சுவழக்கில் இயல்பானதென ஒப்புக்கொண்டு, உயர்நடைக்கு மட்டுமே மாற்றமைப்பைப் பரிந்துரைத்தார்.